வேலூர் மாவட்டத்தில் சிறார் குற்றங்கள் உண்மையிலேயே கூடிவிட்டனவா? இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 23 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தேன். எண்களோடும் இந்த வயதுப் பையன்களோடும் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கையில் இருக்கும் எண்களை வைத்து "கூடிவிட்டது" என்றும் சொல்ல முடியாது, "குறைந்துவிட்டது" என்றும் சொல்ல முடியாது.

நாம் செய்திகளில் பார்க்கும் எண்கள் பெரும்பாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலிருந்து வருபவை. 2022-இல் நாடு முழுவதும் சிறார்மீது பதிவான வழக்குகள் 30,555. பிடிக்கப்பட்ட சிறார் 37,780 பேர். மூன்று பையன்கள் சேர்ந்து ஒரு பைக்கை எடுத்தால் வழக்கு ஒன்று, தலை மூன்று. ஒரே பையன் மூன்று நாளில் மூன்று பைக் எடுத்தால் வழக்கு மூன்று. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையானது மட்டுமே கணக்கில் ஏறும். பிறகு, லட்சம் குழந்தைகளுக்கு இத்தனை என்று விகிதம் போடுகிறார்கள். அந்தக் குழந்தைகளில் தொட்டில் பிள்ளையும் அடக்கம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை எதைச் செய்தாலும் சட்டத்தின் கண்ணில் அது குற்றமே இல்லை; பிடிபடுகிறவர்களிலும் ஐந்தில் நான்கு பேர் 16 வயதைத் தாண்டியவர்கள். போதாததற்கு, அந்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பிலிருந்து நீட்டிக் கணித்தது. இப்படி வகுத்து வரும் விகிதம் எனக்கு எதையும் சொல்வதில்லை.

சட்டம் மாறினாலும் எண் மாறும். 2000-இல் சிறார்மீது பதிவான இந்தியத் தண்டனைச் சட்ட வழக்குகள் 9,267. அடுத்த ஆண்டே 16,509. ஒரே ஆண்டில் பிள்ளைகள் இவ்வளவு கெட்டுப்போனார்களா? இல்லை. 1986 இளைஞர் நீதிச் சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16 என்று இருந்த வயது வரம்பு புதிய சட்டத்தில் 18 ஆயிற்று. அதுவரை பெரியவர்கள் கணக்கில் இருந்த பையன்கள் 2001 ஏப்ரல் முதல் சிறார் கணக்குக்கு வந்தார்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. பழைய வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2018-இன் "வேலூர்" எண்ணில் ஆம்பூரும் வாணியம்பாடியும் ஆற்காடும் இருந்தன. 2020-இன் எண்ணில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டுக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. காட்பாடி ரயில் நிலையத்தில் நடப்பதோ ரயில்வே காவல் துறையின் தனிக் கணக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை காவல் நிலைய வாசலில்தான் இருக்கிறது. 2016 இளைஞர் நீதி விதிகளின்படி, ஒரு சிறார் செய்தது கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ ஒழிய முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். நல்ல விதி, நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் இதை ஒழுங்காகப் பின்பற்றும் நிலையத்தில் வழக்கு எண்ணிக்கை குறையும். எடுத்ததற்கெல்லாம் வழக்குப் போடும் நிலையத்தில் ஏறும். இரண்டு ஊர்ப் பையன்களும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். "குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு" என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

என் மாணவர்கள் இருவர், சில மாத இடைவெளியில், ஆளுக்கொரு செல்போன் எடுத்து மாட்டினார்கள். முதலாமவனின் அப்பா மண்டி வைத்திருந்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் நின்றது. போன் திரும்பிப் போயிற்று, புகாரும் திரும்பிப் போயிற்று. இரண்டாமவனின் அப்பா சென்னையில் கட்டட வேலையில் இருந்தார். நான் நிலையத்துக்குப் போனபோது இரவு ஒன்பது மணி. அவன் அம்மா பீடி முறத்தை மடியில் வைத்தபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த வேலையோடு அப்படியே ஓடி வந்திருக்கிறார். பேச ஆள் இல்லை. வழக்காயிற்று. அந்த ஆண்டுப் புள்ளிவிவரத்தில் என் வகுப்பிலிருந்து ஏறியவன் அவன் ஒருவன்தான்.

இந்தக் குறைக்கு மாற்றாக, பிள்ளைகளையே கேட்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஷார்ட், ஐவன் நை என்ற இருவர் 1950-களின் பிற்பகுதியிலேயே பள்ளி மாணவர்களிடம் பெயர் எழுதாத தாள்களைக் கொடுத்து இப்படிக் கேட்டார்கள். காவல் துறைக் கணக்கில் ஏழைப் பிள்ளைகளே நிறைந்திருக்க, இந்தத் தாள்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு இருந்தார்கள்.

2013-இல் நானும் பதினொன்றாம் வகுப்பில் அதைச் செய்து பார்த்தேன். துண்டுச் சீட்டில் ஐந்து கேள்விகள்: காட்பாடிக்கு டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனதுண்டா, கடையில் கேட்காமல் பொருள் எடுத்ததுண்டா, யாரையாவது காயம்படும்படி அடித்ததுண்டா, இப்படி. டிக் மட்டும் போட்டால் போதும். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். "வீட்டுக்குச் சொல்லிவிடுவீர்களா சார்?" என்று ஒருவன் கேட்டான். "பெயரே இல்லையே தம்பி, யார் வீட்டுக்குப் போய்ச் சொல்வது?" என்றேன். பாதிக்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஏதாவது ஒரு டிக் இருந்தது. முதல் பெஞ்சுப் பையன்களின் சீட்டும் அந்தக் குவியலில்தான் கிடந்தது. அன்று மாலையே எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். பெருமைக்காகப் பொய் டிக் போட்டவர்களும், பயந்து வெறுமனே விட்டவர்களும் இருந்திருப்பார்கள். இந்த முறையின் குறை அது.

இன்னொரு குறை வருகைப் பதிவேட்டை எடுத்தபோதுதான் உறைத்தது. அன்று நான்கு பேர் வரவில்லை. ஒருவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் தறியில் உட்கார்ந்திருந்தான். இருவருக்குக் காய்ச்சல். நான்காமவனை மூன்று வாரமாகவே காணவில்லை. பள்ளியில் எடுக்கும் கணக்கில் அவன் வர மாட்டான். காவல் துறைக் கணக்கில் பிடிபட்டால்தான் வருவான்.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. மாமாவோடு ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. திரும்பி வந்துவிடுவான் என்று நினைத்து அந்த ஆண்டு முழுவதும் பதிவேட்டில் அவன் பெயரை நான் அடிக்கவில்லை. அதனால் இடைநின்ற மாணவர்கள் கணக்கிலும் அவன் சேரவில்லை.