ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் நோய் இல்லையா?

வணக்கம். நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். கடலூரில் கல்லூரிக்குப் போய்வந்த என் தம்பி சில மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. தன்னைப் பற்றி யாரோ பேசுவது காதில் விழுகிறது என்கிறான். புதுச்சேரியில் மருத்துவர், மனச்சிதைவின் (ஸ்கிசோஃப்ரினியா) தொடக்கம் என்று மாத்திரை கொடுத்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டது. இந்த நோயில் மூளையின் அமைப்பே மாறும் என்று படித்தேன். "மூளையில் ஒன்றுமில்லை, மாத்திரை எதற்கு? மந்திரித்தால் போதும்" என்கிறார் அப்பா. எதை நம்புவது?

- ஓர் அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்தது சரி. ஸ்கேன் முடிவும் சரி. அப்பா எடுத்த முடிவுதான் தவறு.

மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் நோயாளிகளுக்குப் பெரிதாக இருப்பதை 1976இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டனின் குழு சி.டி. ஸ்கேனில் காட்டியது. முதன்முறை நோய் கண்டவர்களிடமும், நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சற்றுச் சிறுத்திருப்பது பின்னர் தெரிந்தது. ஆனால் இவை பலரை அளந்து எடுத்த சராசரிகள். நலமாக இருப்பவர்களின் மூளைகளே ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும்; அந்த வேறுபாட்டுக்குள் இந்தச் சிறு மாற்றம் மறைந்துவிடும். 1990இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவருக்கு மட்டும் நோய் வந்திருந்த 15 ஒத்த இரட்டையர் இணைகளைப் பார்த்தது. 12 இணைகளில் நோயாளி யார் என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது. ஒப்பிட உடன்பிறந்தவரின் மூளை பக்கத்திலேயே இருந்தது. உங்கள் தம்பிக்கு அப்படி ஒப்பிட யாருமில்லை.

கட்டி, மூளை அழற்சி போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். மனச்சிதைவைக் கண்டறிவது அவன் பேச்சையும் நடத்தையையும், அவை எத்தனை நாளாக இருக்கின்றன என்பதையும் வைத்துத்தான்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டுமென்றால் போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீள நீள, மீள்வதும் கடினமாகிறது. மாத்திரையால் தூக்கம், உடல் இறுக்கம், எடை கூடுதல் என்று எது வந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். அடுத்த முறை அப்பாவையும் அழைத்துப் போங்கள். ஸ்கேன் ஏன் எடுத்தார்கள் என்பதை மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.

அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸின் எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றித் தம்பி பேசினாலோ, காதில் கேட்கும் குரல் எதையாவது செய்யச் சொல்கிறது என்றாலோ, மருத்துவர் சொன்ன தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.