கண் மருந்து கம்பெனியில் கண் டாக்டர் எங்கே?

கேள்வி: கண் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் பயோடெக் கம்பெனிகளை நடத்துவது கண் டாக்டர்கள்தானா? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: அப்படி ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் ரீஜெனரான் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்களேன். வயதானவர்களின் விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் கண்டபடி வளர்ந்து பார்வையைக் கெடுக்கும் நோய்க்கு, 2011-ல் அங்கே அனுமதி பெற்ற ஐலியா ஊசி இவர்களுடையது. ஆனால் 1988-ல் கம்பெனியைத் தொடங்கிய லெனார்ட் ஷ்லைஃபர் நரம்பியல் டாக்டர். ஆராய்ச்சிக்குத் தலைவரான ஜார்ஜ் யான்கோபுலோஸ் மூலக்கூறு நோயெதிர்ப்பியல் படித்தவர். ஆரம்பத்தில் கண் இவர்கள் கணக்கிலேயே இல்லை, பழுதான நரம்பை மீண்டும் வளர வைப்பதுதான் கனவு, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்குத் தயாரித்த மருந்து 90-களில் ஊற்றிக்கொண்டது. அப்புறம் உடலில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைப் பொறி வைத்துப் பிடிக்கும் மருந்துகளில் இறங்கினார்கள். ரத்தக் குழாயை வளரத் தூண்டும் புரதத்தைப் பிடிப்பது ஐலியா.

எனக்குப் பிடித்த ஆள் ராய் வாகெலோஸ். மெர்க் என்ற மருந்து கம்பெனியின் தலைவராக இருந்துவிட்டு 1995-ல் ரீஜெனரானில் சேர்மன் ஆனவர். பார்வையைப் பறிக்கும் 'ஆற்றுக் குருடு' நோய்க்கான ஐவர்மெக்டினை மெர்க் 1987-ல் இலவசமாகத் தர முன்வந்தது இவர் காலத்தில்தான். சரி, இவராவது கண் டாக்டரா? இல்லை, மருத்துவம் படித்துவிட்டு உயிர்வேதியியலுக்குப் போனவர்!