தோற்றவன் என்று எழுதிய கல்

அன்பின் அண்ணா,

ஓகஸ்ட் விடுமுறைக்கு அப்பாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவுக்கு முள்ளியவளை. முப்பது வருடத்துக்குப் பிறகு வருகிறார். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கற்சிலைமடுவில், வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் கல்லைப் பார்க்க வேண்டும் என்று வானை நிறுத்தச் சொன்னார். இப்போது நிற்பது போருக்குப் பின் உடைக்கப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்டது என்று அங்கே சொன்னார்கள். என் ஒன்பது வயது மகன் கல்லில் உள்ளதை வாசித்துவிட்டு, “இவர் தோற்றவரா? பிறகு ஏன் மாலை போட்டிருக்கிறார்கள்?” என்று கேட்டான். அப்பாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

திரும்பி வந்து இதை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். வெள்ளைக்காரன் எழுதிய அவமானத்தை இன்னும் ஏன் வைத்திருக்க வேண்டும், அதை எடுத்துவிட்டு “மாவீரன் பண்டாரவன்னியன் வீரமரணம் அடைந்த இடம்” என்று பளிங்குக் கல்லில் பொறித்து வைப்போம் என்று பலர் சொல்கிறார்கள். பணம் தரவும் ஆட்கள் தயார். நீங்கள் அந்தப் பக்கத்தில் இருப்பவர். என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
க., ரொறன்ரோ

---

அன்பின் தங்கச்சி,

அந்தக் கல்லின் வாசகத்தை மாற்ற வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு சேர்ந்துவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

கல்லில் இருப்பது ஒரே ஒரு வசனம். இந்த அயலில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 31 ஒக்டோபர் 1803. அவ்வளவுதான். அடைமொழி இல்லை, புகழ் இல்லை, திட்டும் இல்லை. வென்றவன் தன் கணக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறான். எழுதாமல் விட்டது எது என்று பார்த்தால்தான் அந்த ஒரு வரி விளங்கும்.

1795இல் முல்லைத்தீவு ஒல்லாந்தர் கையிலிருந்து பிரித்தானியர் கைக்குப் போனது. எட்டு வருடம் கழித்து, 1803 ஜூனில், கண்டியில் இருந்த பிரித்தானியப் படை அழிந்தது. தீவு முழுக்க அவர்களுடைய பிடி ஆட்டம் கண்ட மாதங்கள் அவை. அந்த நேரத்தில்தான், ஓகஸ்ட் 25ஆம் திகதி, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்தான். உள்ளே இருந்த படை கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனது. அவனுடைய ஆட்கள் ஆனையிறவு வரைக்கும் போனார்கள். அன்று கோட்டையை விட்டு ஓடிய படைக்குத் தலைவன் யார் தெரியுமா? இதே டிறிபேர்க்தான். அறுபத்தேழு நாள் கழித்து மன்னார்ப் பக்கமிருந்து படையோடு வந்து கற்சிலைமடுவில் பழி தீர்த்துக்கொண்டான். கல்லில் அந்த அறுபத்தேழாவது நாள் மட்டும்தான் இருக்கிறது. முதல் நாள் இல்லை.

இதையெல்லாம் நாங்கள் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. வன்னியில் அரச அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் என்ற வெள்ளைக்காரரே 1895இல் வெளிவந்த வன்னி மாவட்டங்கள் பற்றிய தன் கையேட்டில், கோட்டை பறிபோனதையும் சேர்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே மகன் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. ஓம், 31ஆம் திகதி தோற்றார். யாரிடம் தோற்றார் என்று அந்தக் கல்லிலேயே பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஆள் இரண்டு மாதத்துக்கு முதல் இவரிடம் தோற்று வள்ளத்தில் ஏறிப் போனவர். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நன்றாக விளங்கும்.

இன்னொரு சொல்லையும் கவனித்தீர்களோ தெரியாது. “இந்த இடத்தில்” என்று கல் சொல்லவில்லை, “இந்த அயலில்” என்றுதான் சொல்கிறது. கல்லை நட்டவனுக்கே சரியான இடம் நிச்சயமில்லை. காட்டுக்குள் நடந்த சண்டை அது. புதுக் கல் போடுகிறவர்கள் முதலில் தொலைக்கப்போவது இந்தச் சொல்லைத்தான். “வீரமரணம் அடைந்த இடம்” என்று பளிங்கில் அடித்து வைத்துவிட்டால் அது நாளைக்குச் சரித்திரமாகிவிடும். ஆனால் அவன் அன்று அங்கே சாகவில்லை. தோற்றான், காட்டுக்குள் மறைந்தான். கூத்தில் அது வேறு மாதிரி. காக்கை வன்னியன் காட்டிக்கொடுப்பான், பண்டாரவன்னியன் விழுவான், அவன் காதலி குருவிச்சி நாச்சியார் உயிர் விடுவாள். எங்கள் ஊரில் அந்தக் கட்டம் வரும்போது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கூத்து கூத்தாக இருக்கட்டும். அதற்கு உரிமை உண்டு. அதைக் கல்லில் வெட்டினால் இரண்டும் கெட்டுப்போகும்.

அந்தக் கல்லை நான் முதலில் பார்த்தது பெரியப்பாவின் சைக்கிளில், முன் பாரில் உட்கார்ந்து போன ஒரு நாளில். அவருக்கு இங்கிலீஸ் தெரியாது. கல்லடியில் இறங்கி, மடியிலிருந்து சூடக்கட்டியை எடுத்துக் கொளுத்தி, கும்பிட்டுவிட்டு ஏறினார். பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கல்லில் உள்ளதை வாசித்துப் பொருள் சொன்னபோது எனக்கும் உங்கள் மகனுக்கு வந்த அதே குழப்பம். வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம், அது எங்கட ஆள் தோற்றார் என்று எழுதின கல் என்றேன். அவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே, “பேர் கிடக்குதெல்லோ, அது காணும்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் இன்றைக்கும் நம்புகிறேன். வன்னிக்கு அடங்காப்பற்று என்று பெயர். அந்தப் பெயருக்கு ஏற்ற எத்தனையோ பேர் இங்கே வாழ்ந்து செத்திருப்பார்கள், ஆனால் திகதியோடு பெயர் வெட்டப்பட்டு நின்ற பழைய கல் என்று எங்கள் சனம் சொல்வது இது ஒன்றைத்தான். எதிரி தன் வெற்றிக்காக நட்ட கல்லைச் சனம் மெல்ல மெல்லத் தன்னுடையதாக்கிக்கொண்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. பூ வைத்தார்கள், சூடம் கொளுத்தினார்கள், தேங்காய் உடைத்தார்கள். அவன் எழுத்து அப்படியே இருக்க, கல் எங்களுடையதாயிற்று. அந்த எழுத்தை அழித்தால் இந்த இரண்டாவது கதையையும் சேர்த்து அழிக்கிறோம். வெறும் புகழ்ச்சிக் கல் ஒன்று மிஞ்சும். அப்படிப்பட்டவை ஊரெல்லாம் இருக்கின்றன. அவனைச் சிலையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வவுனியாவில் மாவட்டச் செயலகத்தடியில் சிலை இருக்கிறது, வருடா வருடம் மாலையும் விழுகிறது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் கற்சிலைமடு மட்டும் காரணமில்லை.

போரில் செத்த புலிப் போராளிகளுக்கான கிளிநொச்சி கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லம் உங்களுக்குத் தெரியும். அங்கே உடல் விதைக்கப்பட்டவர்களுக்குக் கல்லறை என்றும், உடல் வந்து சேராதவர்களுக்கு நடுகல் என்றும் பெயர். போர் முடிந்த பிறகு எல்லாவற்றையும் இயந்திரம் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பல வருடம் யாரும் உள்ளே போக முடியாமல் கிடந்தது. 2016 நவம்பரில்தான் சனம் கத்தியும் மண்வெட்டியும் கொண்டுபோய்ப் பற்றையை வெட்டித் துப்புரவாக்கியது. நானும் போயிருந்தேன். உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவித்தார்கள். ஒரு துண்டில் பாதிப் பெயர், இன்னொன்றில் ஒரு திகதி, இன்னொன்றில் வெறும் சிமெந்து.

ஒரு அம்மா எந்தத் துண்டையும் புரட்டிப் பார்க்கவில்லை. வாசலில் நின்று வரிசை எண்ணினார். முன்பு எந்தப் பக்கமாக நடந்து போவாரோ அந்தப் பக்கமாகக் காலடி வைத்துப் போய், ஓரிடத்தில் நின்று, “இதுதான்” என்று சொல்லித் தன் சாறியால் அந்த நிலத்தைத் துடைத்தார். மாவீரர் நாளான 27ஆம் திகதி பின்னேரம் ஆறு ஐந்துக்கு அந்த வெறும் நிலத்தில்தான் அவருடைய விளக்கு எரிந்தது.

அதன் பிறகு, எல்லாத் துண்டையும் அப்புறப்படுத்திவிட்டு ஒரே அளவில் ஒரே நிறத்தில் புதிதாகக் கட்டவேண்டும் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய மனம் எனக்கு விளங்குகிறது. பிள்ளையின் கல் நொறுங்கிக் கிடப்பதை எந்தத் தாய்க்குப் பார்க்கப் பிடிக்கும்? ஆனால் அந்தக் குவியலை அள்ளிக் கொட்டிவிட்டால், அங்கே முதலில் என்ன இருந்தது, பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. வேண்டுமானால் விளக்கு வைக்க மேடை கட்டட்டும், நிழலுக்கு மரம் நடட்டும். உடைந்தது உடைந்தபடி ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதே பாதையில் அரசாங்கம் வைத்தவற்றையும் பார்த்திருப்பீர்கள். கிளிநொச்சி நகரத்துக்குள் பெரிய கொங்கிரீட் கட்டி, அதைப் பிளந்து நிற்கும் சன்னம், மேலே ஒரு தாமரை. புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய். அவற்றைத் தாண்டிப் போகும்போது எங்கள் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். ஆனால் ஆனையிறவில் 1991 சண்டையில் எரிந்த அந்தக் கவச புல்டோசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைத் தடுத்து நிறுத்தப் போய்ச் செத்த சிப்பாய்க்காக அவர்கள் வைத்திருக்கும் நினைவிடம் அது. அந்த வண்டியில் வந்தவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். அது யாருக்காக அங்கே நிற்கிறது என்பதில் எனக்கு மனவருத்தம் உண்டு. ஆனாலும் தாமரையும் சிப்பாயும் சொல்லாத ஒன்றை அந்த இரும்பு சொல்கிறது, ஏனென்றால் அது அன்று அங்கே இருந்தது. கிளிநொச்சியில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியும் அப்படித்தான். அதற்கு முன்னால் நின்று சிரித்தபடி படமெடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அதைப் பார்த்தால் வேறு ஞாபகம்.

சரி, கல்லுக்கு வருகிறேன். உங்கள் குழுவிடம் காசு இருந்தால் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. கல்லைச் சிமெந்து பூசி மூடிவிடக்கூடாது. சிமெந்து கல்லை விட இறுக்கமாகிவிடும், ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், இரண்டு மாரி போனால் விளிம்பு விளிம்பாகக் கல்தான் கழரும். ஒட்டவேண்டிய இடத்தில் சுண்ணாம்புச் சாந்து, தாங்கவேண்டிய இடத்தில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி. சாதாரணக் கம்பி துருவேறி வீங்கினால் கல்லைப் பிளந்துவிடும். எழுத்துக்கு எனமல் பெயின்ற் அடிக்கவேண்டாம், கம்பித் தூரிகையால் தேய்க்கவேண்டாம். எழுத்து மங்கலாக இருந்தால் இரவில் ஒரு டோர்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத எழுத்தெல்லாம் நிழலாக எழும்பும். அந்த வெளிச்சத்திலேயே படமெடுத்து வையுங்கள். நீங்கள் எழுத விரும்புவதைப் பக்கத்தில் தனிப் பலகையில் எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும். அதில் ஓகஸ்ட் 25 இருக்கட்டும், டிறிபேர்க் வள்ளத்தில் போனது இருக்கட்டும், கல் உடைக்கப்பட்டதும் திரும்ப எழுப்பப்பட்டதும் இருக்கட்டும். இதற்கெல்லாம் பிரதேச சபையிடமும் தொல்பொருள் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தில் செய்த வேலையே இன்னொரு வழக்காக முடியும்.

இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். அப்பா முப்பது வருடத்துக்கு முதல் ஊரை விட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் பார்த்தது உடைவதற்கு முந்திய கல். அது எந்தத் திசை பார்த்து நின்றது, அவருடைய இடுப்பளவா நெஞ்சளவா, அடியில் மேடை இருந்ததா வெறும் மண்ணா, எழுத்துக்கு மை பூசியிருந்ததா, பக்கத்தில் என்ன மரம் என்று ஒரு கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். கீறத் தெரிந்தால் கீறித் தரட்டும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எடுத்த பழைய படம் உங்கள் குழுவில் யாரிடமாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா