அண்ணன் மகனுக்கு கேர் கோர்ட்

அன்புள்ள சார்,

கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குக் கோர்ட் வழியாகச் சிகிச்சை ஏற்பாடு செய்யும் கலிஃபோர்னியாவின் ‘கேர் கோர்ட்’ சட்டத்தை, “கட்டாய வைத்தியத்துக்குப் புதுப்பெயர்” என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். என் அண்ணன் மகனுக்கு 26 வயது, ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திவிட்டான். காரிலேயே படுத்துக்கொள்கிறான். “வயது வந்தவர், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார்கள் கவுண்டி (மாவட்ட நிர்வாக) ஆட்கள். நான் மனு போட்டால் நடக்குமா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி என் தப்பு. சட்டத்தைப் படிக்காமல் எழுதிவிட்டேன்.

2022இல் ஆளுநர் கவின் நியூஸம் கையெழுத்திட்ட சட்டம் இது. உங்கள் சான்டா கிளாரா கவுண்டிக்கு 2024 டிசம்பரில்தான் வந்தது. பெற்றோர், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, கூடக் குடியிருப்பவர் எல்லாம் மனு போடலாம். சித்தப்பா என்ற முறையில் மட்டும் நீங்கள் போட முடியாது, அண்ணன் போடட்டும். பொதுவாக டாக்டர் சான்றும் வேண்டும். ‘அவன் டாக்டரிடம் வரவே மாட்டானே’ என்பீர்கள். பலமுறை முயன்றும் பார்க்க முடியவில்லை, நோய் இருப்பதாக நம்பக் காரணம் உண்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். அந்த முயற்சி மனுவுக்கு முந்தைய 60 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும்.

கோர்ட்டில் அவனுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. முதலில் சம்மதத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்யப் பார்ப்பார்கள். படியவில்லை என்றால் நீதிபதி ஓராண்டுத் திட்டம் போடுவார். அதில் மாத்திரையும் இருக்கலாம், ஆனால் பிடித்து வைத்து ஊசி போட முடியாது. அப்புறம் எதற்குக் கோர்ட்? அதட்டல் அவனுக்கில்லை, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய கவுண்டிக்கு. சொன்னதைச் செய்யாத கவுண்டிக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். ஒன்றும் செய்ய முடியாது என்று உங்களிடம் சொன்னது போல நீதிபதியிடம் சொல்லிவிட முடியாது.

ஆனால் வீடு கிடைக்கும் என்று சட்டம் உறுதி தரவில்லை. காரில் தூங்குகிறவனுக்கு அதுதானே முதலில் வேண்டும்? திட்டத்தை அவன் பாதியில் விட்டால், பின்னால் அவனை, அவனுக்குப் பதிலாக முடிவெடுக்கும் ஒரு பாதுகாவலர் பொறுப்பில் வைக்கக் கேட்கும் வழக்கில் அதுவும் எடுபடும். உரிமை அமைப்புகள் எதிர்த்ததற்கு அது ஒரு காரணம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. இருந்தாலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வழக்கு நடந்தால் நோட்டீஸ் அவன் கைக்கே வரும். அதற்கு முன்னால் அண்ணன் ஒருநாள் கார்க் கண்ணாடியைத் தட்டி, இப்படி மனு போடப்போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிடட்டும்.