வாசகர் கேள்வி – பதில்: ஆள் நடமாட்டம் குறைந்த சாலைக்கு யார் பணம் தருவது?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்துடன் தனுஷ்கோடி சென்றிருந்தோம். இருபுறமும் கடல் இருக்க, நடுவே அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை போகிறது. வழியில் சில மீனவர் குடிசைகளைத் தவிர ஊர் என்று எதுவும் இல்லை. அந்தச் சாலையைப் பராமரிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? எங்கள் மலைக் கிராமத்துச் சாலையிலோ ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை?
– வாசகி ஒருவர், நாகலூர், ஏற்காடு

பதில்: முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான அந்தச் சாலையின் நீளம் சுமார் 9.5 கிலோமீட்டர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேன்களும் ஜீப்புகளும் மணலில்தான் ஓடின. தார்ச்சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அது தேசிய நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு என்பதுதான் உங்கள் கேள்விக்கான முதல் விடை. தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்கப்பட்டுவிட்டால், அதில் நாளைக்குப் பத்து வண்டி ஓடினாலும் பத்தாயிரம் வண்டி ஓடினாலும் பராமரிப்புப் பொறுப்பு மத்திய அரசைச் சேர்ந்தது. அன்றாடப் பழுதுபார்ப்பு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்பரப்பைப் புதுப்பித்தல், வெள்ளச் சேதத்தைச் சீர்செய்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிதி ஒதுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது.

கடலோரச் சாலையின் செலவும் சிறியதன்று. காற்று மணலைக் கொண்டுவந்து சாலையை மூடுகிறது. உப்புக் காற்று இரும்புத் தடுப்புகளை அரிக்கிறது. அலை கரையைத் தின்பதால் கம்பி வலைக்குள் கல் அடுக்கிய தடுப்புச் சுவர்களை அடிக்கடி கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்த வழியே செல்லும் வண்டிகளிடம் மட்டும் வசூலித்து இத்தனையையும் ஈடுகட்ட முடியாது. சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டணம் வசூலித்துப் பராமரிக்க முடிகிறது என்றால், அங்கே ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையே காரணம். ஒதுக்குப்புறச் சாலைகளுக்கு அந்த வழி திறக்காது. அவற்றைப் பொதுப் பணத்தால்தான் காக்க முடியும்.

இந்த எண்ணம் புதியதும் அன்று. சாலை வளர்ச்சியை ஆராய அரசு அமைத்த ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி, பெட்ரோல் மீதான கூடுதல் வரியைக் கொண்டு 1929இல் மத்திய சாலை நிதி தொடங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், டீசல் மீதான சாலை வரியில் பாதி ஊரகச் சாலைகளுக்குச் சேர வேண்டும் என்றது. 2018இல் அது சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதியாக மாறியதும் வேறு துறைகளும் அதில் பங்கு பெற்றன. ஆக, நாகலூரில் ஒருவர் தம் வண்டிக்கு டீசல் போடும்போது தனுஷ்கோடிச் சாலைக்கும் சேர்த்தே வரி செலுத்துகிறார். இதில் தவறில்லை. அதே நியாயம் அவருடைய ஊர்ச் சாலைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அது கிடைக்காமல் போவது எங்கே என்று பார்ப்போம். உங்கள் ஊர்ச் சாலை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கக்கூடும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்டிருந்தால் முதல் ஐந்து ஆண்டுகள் ஒப்பந்ததாரரே பராமரிக்க வேண்டும். அதற்கான தொகையை மாநில அரசு தர வேண்டும். அதே திட்டத்தில் சமவெளிக்கு 500 பேர், மலை மாநிலங்களுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 பேர் என, சாலை பெறும் ஊருக்குக் குறைந்தபட்ச மக்கள்தொகை வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடி மக்கள் வாழும், உங்கள் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் சிற்றூர்களுக்கு அந்த வகையில் சலுகை கிட்டுவதில்லை. மாநில அரசு 2023 ஜனவரியில் அறிவித்த முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி ரூபாய், அதாவது சராசரியாகக் கிலோமீட்டருக்கு 40 லட்சம் ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் அது மேம்பாட்டுக்கான பணம். அதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் சாலையோர வடிகாலைத் தூர்வாருவதற்கான பணம் அன்று.

மலைச் சாலையைக் கெடுப்பது வண்டியைவிடத் தண்ணீர்தான். பக்கவாட்டு வடிகால் அடைபட்டால் மழைநீர் சாலைமேல் ஏறி ஓடி, தாருக்கும் ஜல்லிக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்திவிடும். குறுக்குப் பாலம் அடைபட்டால் சாலையோரமே சரிந்து போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். இதைக் குறைக்கத் தேவைப்படுவது மண்வெட்டியுடன் ஆண்டு முழுவதும் சாலையில் இருக்கும் ஆட்கள். நெடுஞ்சாலைத் துறையில் 1997இல் பணியமர்த்தப்பட்ட சாலைப் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேர் 2002இல் நீக்கப்பட்டு 2006இல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் கை வைக்கப்படுவது பராமரிப்பின் மீதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலா வண்டிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, மலைக் கிராமச் சாலைகளுக்குச் செலவிடலாமே?
– வாசகர் ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: துணை வருமானமாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்கக் கூடாது. கூட்டம் சேர்வது மே மாதக் கோடை விழாவை ஒட்டி. பெருஞ்சேதம் நேர்வது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில். மண் சரிந்து மலைப்பாதை மூடப்படும் நாட்களில் கட்டணமும் வராது, செலவோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். காப்பி, மிளகு ஏற்றிவரும் உள்ளூர் விவசாயிகளிடம் கட்டணம் வாங்குவது எந்த வகையிலும் முறையாகாது.

கேள்வி: ஒரு சாலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று எப்படி அறிவது?
– வாசகர் ஒருவர், வாழப்பாடி

பதில்: கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதியைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் 15 கிராம சபையில் வடிகால் தூர்வாரும் பணிக்குத் தீர்மானம் கொண்டுவாருங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும்.