பஹாய் சமயத்தை விட்டு விலகுவது: கேட்டவர்களுக்குப் பதில்

19ஆம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தின் சமூக வரலாற்றைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். நான் அதன் உறுப்பினன் அல்ல. விலகுவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், எனக்கு நம்பிக்கை போய்விட்டது. விலகினால் என் மனைவியும் நண்பர்களும் என்னோடு பேசக் கூடாது என்று தடை வருமா?

பதில்: வராது. சமயத்தை நிறுவிய பஹாவுல்லா மேல் இப்போது நம்பிக்கை இல்லை என்று, நாட்டிலுள்ள பஹாய்களை நிர்வகிக்கும் தேசிய ஆன்மீகச் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பெயரை எடுத்துவிடுவார்கள். சபைத் தேர்தலில் ஓட்டுப் போடுவதும் சமய நிதிக்குப் பணம் கொடுப்பதும் நின்றுபோகும். வீட்டு உறவும் நட்பும் தொடரலாம். நீங்கள் பயப்படுவது ‘ஒப்பந்தத்தை மீறியவர்’ என்ற முத்திரையை நினைத்து. விலகியவருக்கு அந்தப் பெயர் கிடையாது.

கேள்வி: பிறகு யாருக்குத்தான் அந்தப் பெயர்?

பதில்: பஹாய் என்று சொல்லிக்கொண்டே, முறைப்படி வந்த தலைமையை மறுப்பவருக்கு. பஹாவுல்லா 1892இல் அக்கோ நகருக்கு அருகே மறைந்தார். தனக்குப் பின் மூத்த மகன் அப்துல் பஹா என்று எழுதி வைத்திருந்தார். வேறு தாய்க்குப் பிறந்த தம்பி மிர்சா முகமது அலி எதிர்த்து நின்றார், குடும்பம் இரண்டானது. 1921இல் அப்துல் பஹா மறைந்ததும் அவருடைய உயில்படி பேரன் ஷோகி எஃபெண்டி ‘பாதுகாவலர்’, அதாவது சமயத்தின் தலைவர் ஆனார். அமெரிக்காவில் ரூத் ஒயிட் என்ற பெண்மணி அந்த உயிலே போலி என்றார். ஷோகி எஃபெண்டி பின்னாளில் தன் கூடப்பிறந்தவர்களையே விலக்கி வைத்தார்.

அவர் 1957இல் லண்டனில் இறந்தபோது பிள்ளையும் இல்லை, உயிலும் இல்லை. 1960இல் மேசன் ரிமி, தானே அடுத்த பாதுகாவலர் என்று அறிவித்தார். கம்பாலா, சிட்னி கோயில்களை வடிவமைத்தவர் அவர்; சர்வதேச பஹாய் சபைக்குத் தலைவராக இருந்தவர். அவரையும் வெளியேற்றினார்கள்.

அப்படி அறிவிக்கப்பட்டவரோடு பேச்சு, பழக்கம் எதுவும் கூடாது. அப்துல் பஹா ஒப்பந்த மீறலைத் தொற்றுநோய்க்கு ஒப்பிட்டார். சமயம் உடையாமல் காக்க நினைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு தாய் தன் மகனோடு பேச முடியாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ச் சபையில் பிடிக்காத ஒருவரை இப்படி அறிவித்துவிட முடியுமா?

பதில்: முடியாது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள ஒன்பது பேர் கொண்ட உலக நீதி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பெயர் அப்படி இருந்தாலும் அது நீதிமன்றம் அல்ல, பஹாய்களின் உச்ச நிர்வாக அமைப்பு.

கேள்வி: அண்ணா, விலகியபின் எதிர்த்து எழுதினால்?

பதில்: மிச்சிகன் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹுவான் கோல் 1996இல் விலகினார். ஒரு மின்னஞ்சல் குழுவில் நடந்த விவாதங்கள் தலைமைக்குப் பிடிக்காமல் போனதுதான் பின்னணி. பிறகு கடுமையாகவே விமர்சித்து எழுதினார். அவரை ஒப்பந்தத்தை மீறியவராக அறிவிக்கவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. 1997இல் கனடாவிலும் 2000இல் நியூசிலாந்திலும், விலகுகிறேன் என்று சொல்லாதவர்களின் பெயர்களையே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நம்புகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, நீ நம்பவில்லை என்று வெளியிலிருந்து எப்படித் தீர்ப்பளிப்பது? கருத்து வேறுபாட்டைச் சபையில் சொல்லலாம், மேலே கடிதம் எழுதலாம். பொதுவெளியில் ஆள் சேர்ப்பதைத்தான் விதிகள் தடுக்கின்றன. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது எழுதுபவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

கேள்வி: ஈரானில் ‘நான் பஹாய் இல்லை’ என்று மிரட்டி எழுதி வாங்குகிறார்களாமே?

பதில்: ஆமாம். 1979 புரட்சிக்குப் பின் 200க்கும் அதிகமான பஹாய்கள் கொல்லப்பட்டார்கள். 1983 ஜூன் 18 அன்று ஷிராஸில் பத்துப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். மிக இளையவருக்கு வயது 17. மதத்தை மறுத்தால் விட்டுவிடுவோம் என்றதற்கு அவர்கள் இணங்கவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் நம்பிக்கையை மறைக்க ஷியா மரபில் இடமுண்டு, பஹாய்களுக்கு அது இல்லை. அந்தப் பெண்களை வணங்குகிறேன். அதே சமயம், பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்டவரை நம்பிக்கை இழந்தவராக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த எழுத்துக்கு மிரட்டியவர்தான் பொறுப்பு.

கேள்வி: ஒரு தடவை விலகினால் திரும்பி வரலாமா?

பதில்: வரலாம். நம்பிக்கை திரும்பியிருக்கிறது என்று சபை திருப்திப்பட வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தத்தை மீறியவர் என்று அறிவிக்கப்பட்டவருக்கும் வழி அடைபடவில்லை. ஆனால் அவர் மனம் வருந்தியது உண்மை என்று ஹைஃபாவே ஏற்க வேண்டும்.