‘ராஸ்டாமேன் வைப்ரேஷன்’ ஆல்பத்தில் பெயரைத் தாண்டி மதம் இருக்கிறதா?

இருக்கிறது. ராஸ்டாமேன் என்றால் ஜமைக்காவில் பிறந்த ராஸ்டஃபாரி மதத்தைச் சேர்ந்தவர். ஜமைக்காவின் ரெக்கே இசைப் பாடகர் பாப் மார்லியின் இந்த 1976 ஆல்பத்தில் ‘வார்’ பாட்டைக் கேட்டாலே போதும்.

அதன் வரிகளில் பெரும்பகுதி எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1963 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் ஆற்றிய உரை. ஓர் இனம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்ற தத்துவம் ஒழியும்வரை போர்தான் என்பது சாரம். சரி, அரசியல் உரையை எதற்குப் பாட வேண்டும்? ராஸ்டஃபாரிகளுக்கு அவர் வெறும் அரசர் இல்லை, பூமிக்கு வந்த கடவுள். 1930இல் அவர் முடிசூடியதை அடுத்து ஜமைக்காவின் ஏழைக் கறுப்பின மக்களிடையே எழுந்த நம்பிக்கை அது. ஆகவே மார்லிக்கு அந்த உரை வேதவாக்கு. இசையும் அப்படித்தான்: மெட்டு அதிகம் வளைவதில்லை. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே இடத்தைச் சுற்றிவர, அவர் ஓதுவதுபோல் பாடுகிறார்.

வெளிவந்த காலத்தையும் பாருங்கள். 1974இல் செலாசி பதவி இழந்தார், 1975இல் இறந்தார். நம்பியவர்களுக்கு அது பெரிய இடி. மார்லி அதே ஆண்டு ‘ஜா லிவ்’, அதாவது கடவுள் வாழ்கிறார் என்று தனிப்பாட்டு வெளியிட்டார். அதை அடுத்துதான் இந்த ஆல்பம். அதனால் இதன் பக்தியில் கொஞ்சம் பிடிவாதமும் கேட்கும். எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம், எல்லாப் பாட்டிலும் மதத்தைத் தேட வேண்டாம். ‘ரூட்ஸ், ராக், ரெக்கே’ ரேடியோவுக்கேற்ற ஜாலியான பாட்டு. ‘ஜானி வாஸ்’ தோட்டா பட்டு இறந்த மகனுக்காக ஒரு தாய் அழுவது. ஆல்பம் அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.